பெரியவர்களுக்கான ஆங்கில வாசிப்பு: நூல் தேரும் முறை

வயது வந்த பின் ஆங்கிலம் கற்கத் தொடங்குபவரின் அறிவும் அவருடைய ஆங்கிலமும் ஒரே அளவில் இருப்பதில்லை. மளிகைக் கடை நடத்தும் நாற்பது வயதுக்காரருக்குக் கடன், வட்டி, வாடகைப் பத்திரம் எல்லாம் அத்துப்படி. உறவுகளுக்குள் நடக்கும் சண்டை சமாதானங்களின் உள்ளும் புறமும் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் அவர் தடங்கலின்றிப் படிக்கக்கூடிய சொற்கள் ஐந்நூறோ அறுநூறோதான். அவருடைய ஆங்கிலத்துக்குப் பொருந்தும் புத்தகத்தைத் தேடினால் பந்தும் பூனைக்குட்டியும் வரும் குழந்தைப் பாடம் கிடைக்கிறது. அவருடைய அறிவுக்குப் பொருந்தும் புத்தகத்தைத் தேடினால் வரிக்கு இரண்டு சொல் புரியாமல் மறிக்கிறது. பெரியவர்களுக்கு நூல் தேர்வதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியிலிருந்து பிறக்கிறது. மொழியை எவ்வளவு வேண்டுமானாலும் எளிதாக்கலாம். பொருளைச் சிறுபிள்ளைத்தனமாக்கக் கூடாது. நூல் தேர்வுக்கான மற்ற அளவைகள் எல்லாம் இதற்குக் கீழ்ப்பட்டவை.

படிப்பவர் யார் என்பது முதலில் தெளிவாக வேண்டும். எந்த மொழியிலும் எழுத்தறியாதவருக்கு அச்சிட்ட நூலைத் தேடுவது பிறகு செய்ய வேண்டிய வேலை. அவர் வாயால் சொல்வதை ஆசிரியர் எளிய ஆங்கிலத்தில் எழுதி, அதையே அவருக்கு முதல் பாடமாகத் தருவது நல்ல தொடக்கம். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தைகள் தாமே கேட்டுப் பெற்ற சொற்களைக் கொண்டு பாடம் அமைத்ததை 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் விவரித்தார். அதே ஆண்டில் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவுலோ ஃப்ரெய்ரே, தொழிலாளரின் அன்றாட வாழ்விலிருந்து எடுத்த சொற்களால் அவர்களுக்கு எழுத்தறிவித்தார். அது அவர்களுடைய சொந்தமொழியில் நடந்தது. ஆனாலும் படிப்பவரின் வாழ்க்கையிலிருந்தே பாடம் எழ வேண்டும் என்ற அந்த முறை, பெரியவர்களுக்கு இரண்டாம் மொழி கற்பிக்கும் வகுப்புகளிலும் பயன்படுகிறது.

தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்து, ஆங்கில எழுத்து மட்டும் பழக்கமில்லாதவர் இரண்டாம் வகை. வாசிப்பு என்றால் என்ன என்பது இவருக்குப் புதிதல்ல. ஆங்கில எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மைதான் இவரை அலைக்கழிக்கிறது. இவர் செவிவழியாக அறிந்த ஆங்கிலச் சொற்கள் ஏராளம்: பஸ், டிக்கெட், ஆபீஸ், பில், லோன், சிலிண்டர், டாக்டர், மார்க்கெட். முதல் வாசிப்புப் பகுதிகளை இத்தகைய சொற்களைக் கொண்டே அமைத்தால் ஒலியும் பொருளும் முன்பே தெரிந்திருக்கும். எழுத்து வடிவம் ஒன்றுதான் புதிது. ஒலிப்பதிவோடு வரும் சிறு பகுதிகளும் இவருக்கு உதவும்.

மூன்றாம் வகையினரைத் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் காணலாம். பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தவர். கட்டுரையை மனப்பாடம் செய்து தேறியவர். வாக்கியத்தை உரக்கப் படித்துக் காட்டவும் முடிந்தவர். ஆனால் ஒரு முழு ஆங்கிலப் புத்தகத்தையும் படித்து முடித்ததில்லை. நூல் தேர்வு மிகுந்த பயன் தருவது இவர்களுக்குத்தான். 1984இல் சார்லஸ் ஆல்டர்சன் இந்நிலை குறித்து ஒரு கேள்வியை முன்வைத்தார்: அயல்மொழியில் படிக்கத் திணறுவது வாசிப்புத் திறனின் குறையா, மொழியறிவின் குறையா? தொடக்க நிலையில் மொழியறிவின் குறையே பெரிது என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. ஸ்பானிய மொழியில் தேர்ந்த வாசகர்கள்கூட ஆங்கிலம் போதாதபோது தங்கள் வாசிப்புத் திறனைப் பயன்படுத்த முடியாமற் போவதை மார்க் கிளார்க் 1980இல் காட்டினார். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் விடாமல் படித்தவர் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் களைத்துப்போவதற்கு விளக்கம் இதுவே. அவரிடம் வாசிப்புத் திறன் இருக்கிறது. அது வேலை செய்யும் அளவுக்கு மொழி இலகுவான நூல்தான் அவர் கைக்கு வரவில்லை.

இந்தச் சிக்கலை அன்றைய பிரிட்டிஷ் இந்திய மண்ணிலேயே ஆழமாக ஆராய்ந்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய அவர், வங்காள மாணவர்களைப் பற்றிய ஆய்வை 1926இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலோர் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவதையும், அதுவரை கற்ற ஆங்கிலம் அவர்களுக்கு எதற்கும் உதவாமற் போவதையும் அவர் கண்டார். காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு கருத்தை எடுத்து அவர் இதை விளக்கினார். பாலிசியை இடையில் நிறுத்தினாலும் ஒரு தொகை கையில் வருகிறது. அதுதான் சரண்டர் மதிப்பு. மொழிப் படிப்புக்கும் அத்தகைய மதிப்பு இருக்க வேண்டும், எந்த ஆண்டில் நின்றாலும் மாணவருக்கு ஏதேனும் மிஞ்ச வேண்டும் என்பது அவர் வாதம். அப்படி மிஞ்சக்கூடியது வாசிக்கும் ஆற்றல் என்று அவர் கருதினார். வெஸ்ட் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்துச் சொன்ன இந்தக் கருத்து பெரியவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. ஷிப்ட் மாறினால், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமற் போனால், வேலை வேறு ஊருக்குப் போனால் பெரியவர்களின் வகுப்பு நின்றுவிடும். ஆகவே பாடத்திட்டம் முழுவதும் முடிந்த பிறகே பயன் தொடங்கும் என்கிற நூல் அவர்களுக்கு ஆகாது. மூன்றாம் வாரத்தில் நின்றுபோனவரும் ஒரு சிறு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தவராக இருக்க வேண்டும்.

அக்காலப் பாடநூல்களில் வெஸ்ட் கண்ட குறைகள் இரண்டு. புதுச்சொற்கள் நெருக்கமாக வந்து குவிந்தன. வந்தவையும் மீண்டும் தலைகாட்டவில்லை. அருகிய இலக்கியச் சொற்களை நீக்கி, பெருவழக்கான சொற்களை வைத்து, புதுச்சொற்களை இடைவெளிவிட்டுப் பரப்பி, ஒவ்வொன்றும் பலமுறை திரும்ப வருமாறு அவர் வாசிப்பு நூல்களை அமைத்தார். பின்னர் 1953இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் இடம்பெற்றன. படிப்படியாகச் சொல்லளவு கூடும் வாசிப்பு நூல்களுக்கு, அதாவது ஆசிரியர்கள் 'கிரேடட் ரீடர்' என்று அழைக்கும் நூல்களுக்கு, இந்த உழைப்பே அடித்தளம்.

தெரியாத சொல் எவ்வளவு வரலாம் என்ற கேள்விக்குப் பின்வந்த ஆய்வுகள் எண்களால் விடை தந்தன. ஹூ, பால் நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதையின் சில சொற்களைப் பொருளற்ற சொற்களாக மாற்றிப் படிக்கக் கொடுத்தனர். நூற்றுக்கு எண்பது சொற்கள் மட்டும் தெரிந்த நிலையில் யாராலும் கதையைப் போதிய அளவு புரிந்துகொள்ள முடியவில்லை. பிறர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. முந்நூறு சொல் கொண்ட ஒரு பக்கத்தில் ஆறு சொல் தெரியாமல் இருக்கலாம் என்று பொருள். பதினைந்து தெரியாவிட்டால் அது 95 விழுக்காடு. ஆசிரியரோ அகராதியோ பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் நடப்பது வாசிப்பு ஆகாது.

இங்கே ஒரு பழக்கமான அறிவுரையை எடைபோட வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் வர வேண்டுமா, தினமும் ஆங்கிலப் பேப்பர் படி என்று தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. மிகுதியாக வழங்கும் 2000 சொற்குடும்பங்களை, அதாவது ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்த தொகுதிகளை, ஒருவர் முழுமையாக அறிந்திருந்தாலும் செய்தித்தாளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது சொற்களே அவருக்குத் தெரிந்தவையாக இருக்கும். ஐந்தில் ஒன்று இருட்டு. நாவல், செய்தித்தாள் போன்றவற்றைத் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். ஆயிரம் சொல் அறிந்தவரிடம் தலையங்கத்தை நீட்டினால், அவர் சொல்லுக்குச் சொல் பென்சிலில் பொருள் எழுதி, ஒரு பத்தி முடிவதற்குள் சோர்ந்து, தமக்கு ஆங்கிலம் வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். குறை அவருடையதல்ல, பேப்பருடையதும் அல்ல, பொருத்தியதில்தான் தவறு. பேப்பரைப் பயன்படுத்தவே வேண்டுமானால், காலையில் தமிழ் நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்ட செய்தியையே ஆங்கிலத்தில் தேடிப் படிக்கலாம். நேற்றிரவு முழுவதும் பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தின் செய்தி, பார்த்தவருக்குப் பாதி எளிது.

செய்தியை எளிய மொழியில் தர முடியும் என்பதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959 அக்டோபரில் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1500 அடிப்படைச் சொற்கள், சிறு வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு. அரசியல், அறிவியல், வரலாறு என எதையும் அது விட்டுவைக்கவில்லை. சுருக்கப்பட்டது சொல்தொகைதான், உலகம் சுருக்கப்படவில்லை.

ஒரு நூல் பொருந்துமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைப் பிரித்து நூறு சொற்களைப் படிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு சொல் தெரியாவிட்டால் வீட்டுக்குத் தந்தனுப்பலாம். ஐந்து என்றால் வகுப்பில் வைத்துப் படிக்கலாம். பத்து என்றால் அந்த நூல் இன்னும் சில மாதம் அலமாரியில் இருக்கட்டும்.

இதையே கணினி கணக்கிட்டுத் தரும் சூத்திரங்களும் இருக்கின்றன. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் உருவாக்கிய சூத்திரமும், அதைத் தழுவி 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட ஃபிளெஷ்-கின்கெய்ட் சூத்திரமும் பரவலானவை. இரண்டும் வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் அசை எண்ணிக்கையையும் அளக்கின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இது ஓரளவு ஒத்துவரும். தமிழரை வழி தவறவைக்கும். 'டெம்பரேச்சர்', 'கம்ப்யூட்டர்' ஆகியவை அசை மிகுந்தவை, எனவே கடினம் என்கிறது சூத்திரம். அவை தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் புழங்குபவை. 'புட் அப் வித்', 'கெட் ஓவர்', 'டேக் ஆஃப்டர்' போன்ற தொடர்கள் சின்னச் சின்னச் சொற்களால் ஆனவை, எனவே எளிது என்கிறது. ஆனால் தனித்தனியே எல்லாச் சொல்லும் தெரிந்தும் சேர்த்துப் பார்க்கும்போது பொருள் விளங்காமல் வாசகர் நிற்பது இத்தகைய இடங்களில்தான்.

வாக்கியத்தைத் துண்டாடினால் எளிதாகிவிடும் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. 'மழை பெய்தது. அவர் வரவில்லை' என்பதைவிட 'மழை பெய்ததால் அவர் வரவில்லை' என்பது நீளம்தான். ஆனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பை அது வாசகருக்குச் சொல்லிவிடுகிறது. இணைப்புச் சொற்களை வெட்டி எறிந்த எளிய பதிப்புகள் அந்த வேலையை வாசகர் தலையில் கட்டுகின்றன. தமிழருக்கு உண்மையில் இடறுவது வேறு. தமிழில் அடை எல்லாம் பெயருக்கு முன்னே வரும்: நேற்றுச் சந்தையில் வாங்கிய மாடு. ஆங்கிலத்தில் மாடு முதலில் வந்துவிடும், வாங்கிய கதை பின்னால் தொங்கும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இத்தகைய தொங்கல்கள் இரண்டு மூன்று புகுந்தால் வினை எதைச் சார்ந்தது என்பது தப்பிவிடுகிறது. தமிழ் வாசகருக்கு நூல் தேர்பவர் வாக்கிய நீளத்தை எண்ணுவதைவிட இந்தத் தொங்கல்களைக் கவனிப்பது நல்லது.

கிரேடட் ரீடர் வரிசைகள் இன்று பல கிடைக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு புக்வாம்ஸ் வரிசை முதல் நிலையில் 400 தலைச்சொற்களில் தொடங்கி ஆறாம் நிலையில் 2500ஐத் தொடுகிறது. ஆனால் அட்டையில் உள்ள நிலை எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஒவ்வொரு பதிப்பகமும் தனக்கென அளவு வைத்திருப்பதால் ஒன்றின் மூன்றாம் நிலை மற்றொன்றின் நான்காம் நிலைக்குச் சமமாக இருக்கலாம். பெரும் நாவல்களைச் சுருக்கிய பதிப்புகளில் இன்னொரு சிக்கல். டிக்கன்ஸின் தடித்த நாவலை எண்பது பக்கத்தில் அடக்கும்போது சொற்கள் எளிதாகின்றன. நிகழ்ச்சிகளோ ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. பக்கத்துக்கு மூன்று பாத்திரம் வந்து, ஒருவர் இறந்து, ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அது கதைச் சுருக்கமே தவிரக் கதையாகாது. மொழி கற்பவருக்கென்றே புதிதாக எழுதப்பட்ட கதைகள் பல சமயம் இவற்றைவிட மேலானவை. கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் ரீடர்ஸ் வரிசை அத்தகையது: பெரியவர்களின் காதல், குற்றம், வேலை, பிரிவு எல்லாம் கீழ் நிலைகளில் சில நூறு சொற்களுக்குள்ளேயே சொல்லப்படுகின்றன.

அயர்லாந்தில் பாட்ரிசியா ஸ்கான்லனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1998இல் தொடங்கிய 'ஓப்பன் டோர்' வரிசையும், பிரிட்டனில் 2006இல் தொடங்கிய 'குவிக் ரீட்ஸ்' வரிசையும் வாசிப்பில் பின்தங்கிய பெரியவர்களுக்காகப் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் எழுதியவை. ராடி டாய்ல், மேவ் பின்ச்சி போன்றோர் இதற்கு முன்வந்தது மதிக்கத் தக்கது. ஆயினும் இவை ஆங்கிலத்தைப் பேசி வளர்ந்தவர்களை நோக்கியவை. பேச்சுவழக்கும் உள்ளூர்க் குறிப்புகளும் நிறைந்திருப்பதால் தமிழ் வாசகருக்கு முதல் நிலையில் பொருந்தா.

சொல் எல்லாம் தெரிந்தும் பொருள் தவறுவது உண்டு. மார்கரெட் ஸ்டெஃபென்சன், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் மூவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் இரு கடிதங்களை இந்தியர்களும் அமெரிக்கர்களும் படித்தனர். தத்தம் பண்பாட்டுத் திருமணத்தைப் பற்றிய கடிதத்தை இரு சாராரும் வேகமாகப் படித்தனர், அதிகமாக நினைவில் வைத்திருந்தனர். அமெரிக்கக் கடிதத்தில் மணமகள் தன் பாட்டியின் திருமண உடையை அணிகிறாள். அங்கே அது குடும்பப் பெருமை. இந்திய வாசகர் ஒருவரோ, அந்த உடை பழையது, காலத்துக்கு ஒவ்வாதது என்று பொருள்கொண்டார். ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாததல்ல. சொற்பட்டியலோ சூத்திரமோ இத்தகைய தடுமாற்றத்தைக் காட்டிக்கொடுக்காது.

தொடக்க நிலையில் படிப்பவர் அறிந்த உலகிலிருந்து நூல் வர வேண்டும் என்பதற்கு இந்த ஆய்வு வலுவான காரணம். ஆர்.கே. நாராயணின் மால்குடியில் கடைத்தெருவும் கோயிலும் மாமியாரும் இருக்கிறார்கள்; வாக்கியங்களும் நேரானவை. முன்பே தமிழில் படித்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பது இன்னும் ஒரு படி எளிது. பாமாவின் 'கருக்கு' தமிழில் 1992இலும் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் 2000இலும் வந்தது. அசோகமித்திரனின் 'தண்ணீர்', பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' ஆகியவையும் ஆங்கிலத்தில் உள்ளன. இவற்றின் ஆங்கிலம் எல்லா இடத்திலும் எளிதல்ல. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தவர் தெரியாத சொல்லைக் கதையின் போக்கிலிருந்தே ஊகித்துக்கொள்வார்.

புலம்பெயர்ந்தவர்களின் வகுப்பில் பொருள் தேர்வுக்கு மேலும் ஒரு கவனம் தேவை. கனடா 1992 முதல் குடியேறிகளுக்கு நடத்தும் 'லிங்க்' ஆங்கில வகுப்புகளிலும் அதுபோன்ற பிற நாட்டு வகுப்புகளிலும் போரைக் கண்டு வந்தவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஈழத்தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். அகதிகள் பற்றிய கதை அவர்களுக்கு நெருக்கமானது என்று நினைத்து எடுத்துக்கொடுப்பது மிகப் பெரிய வலியைக் கிளறிவிடலாம். அத்தகைய நூல் அலமாரியில் இருக்கலாம், விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும். எல்லாரும் படிக்க வேண்டிய பாடமாக அதை வைப்பது கொடுமை.

குழந்தை நூல்களைப் பெரியவர்களுக்குத் தரலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. பொதுவாகத் தரக் கூடாது, விதிவிலக்கு ஒன்றுண்டு. ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உதவ விரும்பும் தாய், அந்தப் பிள்ளையின் படக்கதையைத் தானே படிக்கப் பழகுகிறார். அங்கே அந்தப் புத்தகம் அவருடைய நோக்கத்துக்கு உரியது. அதில் எந்த அவமதிப்பும் இல்லை.

மருந்துச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், பாதுகாப்பு அறிவிப்பு போன்ற ஆவணங்கள் பெரியவர்களுக்கு இன்றியமையாதவை. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குச் செல்பவர் கையெழுத்திடும் தாளில் சம்பளமும் வேலை நேரமும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் வாழ்க்கையே பாதிக்கும். ஆனால் இவை வாசிப்புப் பழக்கத்துக்கான நூல்கள் ஆகா. சட்ட மொழி அடர்த்தியானது. சொற்கள் திரும்ப வருவதும் குறைவு. ஆசிரியர் பக்கத்திலிருந்து, தேவையான தகவலை மட்டும் தேடியெடுக்கப் பழக்கும் பாடமாக இவற்றை வைத்து, சரளத்துக்குக் கதையும் கட்டுரையும் தனியே தர வேண்டும். இவ்விரண்டையும் கலந்துவிடும் வகுப்புகளில் இரண்டுமே கெடுகின்றன.

இறுதித் தேர்வு படிப்பவருடையது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் அடங்கும். மொழி வகுப்பு அலமாரிக்கும் இவை பொருந்தும். ஜப்பானில் பெரியவர்களிடையே பத்து லட்சம் சொல் படிக்கும் இயக்கத்தை வளர்த்த சகாய் குனிஹிதே மூன்று விதிகள் வகுத்தார்: அகராதியைப் பார்க்க வேண்டாம், புரியாத இடத்தைத் தாண்டிப் போகலாம், பிடிக்காவிட்டால் நூலை வைத்துவிடலாம். மூன்றாம் விதி நம் ஊர் வகுப்புகளில் அரிது. எடுத்த புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, பாதியில் திருப்பித் தரலாம் என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பின்னால் பத்துக் கேள்வி கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அது வாசிப்பை மீண்டும் பரீட்சையாக்கிவிடும்.

அளவும் முக்கியம். ஒரு சொல் மறப்பதற்குள் மீண்டும் கண்ணில் பட வேண்டும். நேஷனும் வாங் மிங்-ட்ஸுவும் 1999இல் செய்த கணக்குப்படி, அதற்கு வாரம் ஒரு கிரேடட் ரீடர் தேவை. ஒரு நிலையில் குறைந்தது ஐந்து நூல்கள் படித்த பிறகே அடுத்த நிலைக்குப் போக வேண்டும். அப்படியானால் இருபது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரே நூலின் இருபது படிகளை வாங்குவது வீண். ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு நூல்களாக வாங்கிச் சுற்றுக்கு விடுவதே சரி.

கிரேடட் ரீடர்களின் கடைசி நிலைக்கும் முழு நாவலுக்கும் இடையே பெரிய பள்ளம் உண்டு; 2500 சொல்லிலிருந்து 8000க்குத் தாவ வேண்டும். ஸ்டீவன் கிராஷன் பரிந்துரைத்த குறுகிய வாசிப்பு இங்கே பாலமாகும். ஒரே எழுத்தாளரின் பல நூல்களையோ ஒரே பொருள் பற்றிய பல கட்டுரைகளையோ தொடர்ந்து படிப்பதே அது. ஒவ்வோர் எழுத்தாளருக்கும் விருப்பமான சொற்கள் உண்டு, ஒவ்வொரு துறைக்கும் தனிச்சொற்கள் உண்டு. இரண்டாம் நூலுக்கு வரும்போது அவற்றில் பல பழகியிருக்கும். துப்பறியும் கதை பிடித்தவர் ஒரே துப்பறிவாளரின் வரிசையிலும், விவசாயி பயிர் பற்றிய கட்டுரைகளிலும், செவிலியர் நோய்கள் பற்றிய எளிய கையேடுகளிலும் தொடங்கலாம். எந்த முழு நூலிலும் தொடக்கப் பகுதியே கடினமானது. பாத்திரங்களும் இடங்களும் ஆசிரியரின் சொற்பழக்கமும் அங்கேதான் ஒன்றாக அறிமுகமாகின்றன. ஆகவே முதல் முழு நாவலுக்கு, முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களை வகுப்பில் சேர்ந்து படித்துவிட்டு மீதியை வீட்டுக்குத் தந்தனுப்பினால் போதும்.